அனுபிஸ் விமர்சனம்: வாசலில் கூலி கேட்கும் காவல், செட்டிநாட்டுக் கடைத் தளங்களுக்கு எவ்வளவு உதவும்?

2 ஜிபி நினைவகம் உள்ள ஒரு வாடகை சர்வர், அதில் தளத்தை ஓட்டும் வேர்ட்பிரஸ், அதன்மேல் கடை வைக்க வூகாமர்ஸ். ஆத்தங்குடி டைல்ஸ், கண்டாங்கிச் சேலை, மனகோலம், தேன்குழல் என்று காரைக்குடி வட்டாரத்திலிருந்து இணையத்தில் விற்கிற பல கடைகளுக்கு அடித்தளம் இவ்வளவுதான். இந்த சர்வரில் ஒரே சமயத்தில் பக்கங்களைத் தயாரிக்கும் 15 பிஹெச்பி வேலையாட்கள் (நிரல்கள்) ஓடுவதாகவும், தயாராகச் சேமித்து வைக்காத ஒரு பக்கத்தைச் செய்துகொடுக்க அரை விநாடி ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 30 பக்கம்தான் தாங்கும். அதற்கு மேல் வந்தால் வரிசை நீளும், சற்று நேரத்தில் 504 பிழை (நேரத்துக்குள் பதில் வரவில்லை என்பது). இதைச் சாய்க்கப் பெரிய படை வேண்டாம். ஒரு லேப்டாப்பும் வீட்டு பிராட்பேண்டும் போதும்.

சாய்க்கும் எண்ணமே இல்லாதவர்களும் சாய்த்துவிடுகிறார்கள். டைல்ஸ் பட்டியலில் 12 நிறம், 8 கோலம், 4 அளவு, 6 வரிசைமுறை என்று வடிகட்டிகள் வைத்தால் 2,304 முகவரிகள் உருவாகும். வாங்க வருகிறவர் அதில் ஐந்தோ ஆறோ திறப்பார். ஏஐ நிறுவனங்களுக்குத் தரவு திரட்டும் கிராலர்கள் (தானாகப் பக்கங்களைத் திறக்கும் நிரல்கள்) 2,304-ஐயும் திறக்கும். மறுநாள் வேறு ஐபிகளிலிருந்து (இணைய இணைப்பின் அடையாள எண்கள்) வந்து மறுபடியும் திறக்கும். ஒவ்வொரு முறையும் அரை விநாடி உழைப்பு கடைக்காரருடையது. கேட்டவனுக்குச் செலவு ஏதுமில்லை.

ஐந்தொகை போட்டுப் பழகிய ஊரில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தாக்குகிறவனும் ஒரு பேரேடு வைத்திருக்கிறான். அதில் பற்றுப் பக்கம் காலியாக இருக்கும்வரை அவன் நிறுத்தப்போவதில்லை. பற்றில் ஏதாவது எழுத வைக்க வேண்டும். அனுபிஸ் என்ற மென்பொருள் செய்ய முயல்வது அதைத்தான்.

இந்த யோசனை பழையது. 1992-இல் சிந்தியா ட்வோர்க்கும் மோனி நாவோரும், குப்பை மின்னஞ்சலைக் குறைக்க அனுப்புகிறவரின் கணினியை ஒரு கணக்குப் போடச் சொல்லலாம் என்று எழுதினார்கள். 1997-இல் ஆடம் பேக் ஹாஷ்கேஷ் என்ற பெயரில் அதைச் செய்து காட்டினார். 2025 ஜனவரியில் வெளியான அனுபிஸ் அதே கணக்கை இணையதளத்தின் வாசலில் வைக்கிறது. மூல நிரல் திறந்தது, எம்ஐடி உரிமம், விலை இல்லை. க்னோம், லினக்ஸ் கெர்னலின் கிட் தளம், எஃப்எஃப்எம்பெக், யுனெஸ்கோ ஆகியவை இதை நிறுவியிருக்கின்றன.

நடப்பது இது. பிரவுசர் முதல்முறை வரும்போது பக்கத்துக்குப் பதிலாக ஒரு சின்னக் காத்திருப்புப் பக்கமும் ஒரு சரமும் கிடைக்கும். அந்தச் சரத்தோடு 0, 1, 2 என்று எண்களைச் சேர்த்து, எதையும் நிலையான நீளமுள்ள ஓர் எண்ணாக மாற்றும் எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹாஷ் கணக்கைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். விடை பதினாறடிமானத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைச் சுழியங்களோடு தொடங்கினால் கணக்கு முடிந்தது. கடினம் 4 என்றால் நான்கு சுழியம். சராசரியாக 65,536 முயற்சி. கடினம் 5 என்றால் 10,48,576. சர்வர் சரிபார்க்க ஒரே ஒரு ஹாஷ் போதும். தேறியவருக்கு ஒரு வாரம் செல்லும் சீட்டு, குக்கீயாகக் கிடைக்கும். பிறகு வந்த பதிப்புகளில் எல்லோருக்கும் ஒரே கடினம் இல்லை. சந்தேகத்துக்கு ஏற்ப எடை போட்டு, எடை கூடக் கூடக் கடினத்தைக் கூட்டுகிறது. நிறுவும் பதிப்பில் இயல்பு எது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய குறிப்பில் படித்த 4-ஐ நம்பி உட்கார வேண்டாம்.

இதில் எங்களுக்கு மிகவும் பிடித்த அம்சம் கணக்கு அல்ல, நிராகரிப்பதற்கு ஆகும் செலவு. காத்திருப்புப் பக்கத்தைக் கொடுப்பது கோ மொழியில் எழுதிய சிறிய நிரல். பிஹெச்பியும் எழாது, தரவுத்தளமும் எழாது. 128 எம்பி நினைவகத்துக்குள் நிறையப் பேரைச் சமாளிக்கும். கணக்குப் போடத் தெரியாத கிராலருக்கு அரை விநாடி வேலை பார்த்துக் கொடுத்த இடத்தில், இப்போது மில்லிவிநாடிக் கணக்கில் திருப்பி அனுப்புகிறது. 2 ஜிபி சர்வருக்கு இதுவே பெரிய ஆறுதல்.

நிறுவுவது

டெபியன், உபுண்டுவுக்கு டெப் பொதி கிடைக்கிறது, டாக்கரிலும் ஓடும். வரிசை இப்படி இருக்க வேண்டும்: முன்னால் கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், அது ஹெச்டிடிபிஎஸ்-ஐ முடித்து 8923-ஆம் போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட கதவு) காத்திருக்கும் அனுபிஸுக்குத் தள்ளும், அனுபிஸ் தேறியவர்களைப் பின்னாலுள்ள வேர்ட்பிரஸுக்குத் தள்ளும். டார்கெட் என்ற மாறியில் பின்தளத்தின் முகவரியைக் கொடுக்க வேண்டும். பொதியாக நிறுவினால் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி அமைப்புக் கோப்பு வைத்துத் தனித்தனிச் சேவையாக ஓட்டலாம். ஒரே சர்வரில் டைல்ஸ் கடையும் பலகாரக் கடையும் இருந்தால் அப்படியே செய்யுங்கள், விதிகள் கலக்காது.

முதலில் இடறும் இடம் எக்ஸ்-ரியல்-ஐபி ஹெடர், அதாவது வந்தவரின் ஐபியைச் சொல்லிக் கோரிக்கையோடு போகும் குறிப்பு. என்ஜின்எக்ஸ் அதை அனுப்பாவிட்டால் அனுபிஸ் வேலையே செய்யாது, அமைப்பு தவறு என்று பிழை காட்டும். அதைவிட மோசம், தவறான மதிப்போடு அனுப்புவது. முன்னால் ஒரு சிடிஎன் (தளத்துக்கு முன்னே நின்று கோரிக்கைகளை வாங்கும் வெளி நெட்வொர்க்) இருந்தால் என்ஜின்எக்ஸுக்குத் தெரிவது சிடிஎன்-இன் ஐபி. அதை அப்படியே தள்ளினால் கோலாலம்பூரிலிருந்து வரும் வாடிக்கையாளரும் கொள்ளைக் கிராலரும் ஒரே ஐபி ஆகிவிடுவார்கள். சிடிஎன் அனுப்பும் உண்மை ஐபி ஹெடரிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டும். அந்த ஹெடரை சிடிஎன்-இன் ஐபி வரம்புகளிலிருந்து வந்தால் மட்டுமே நம்ப வேண்டும். இல்லையென்றால் யாரும் தாங்களாக ஒரு ஐபியை எழுதி அனுப்பிவிட முடியும்.

இரண்டாவது, பின்வாசல். அனுபிஸை வாசலில் வைத்துவிட்டுப் பின்தளத்தின் போர்ட்டை வெளியே திறந்தபடி விடுவது அடிக்கடி நடக்கிறது. டாக்கரில் போர்ட்டை வெளியிட்டால் அது யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலின் தடுப்பைத் தாண்டிக்கொண்டு போய்விடும். ஃபயர்வால் மூடியிருப்பதாக நிலைப்பட்டியல் காட்டும், உண்மையில் திறந்திருக்கும். போர்ட்டை 127.0.0.1-உடன் (சர்வருக்குள் மட்டும் எட்டும் முகவரி) கட்டி வெளியிடுங்கள். பிறகு வேறொரு இணைப்பிலிருந்து, மொபைல் டேட்டாவாக இருந்தாலும் சரி, சர்வரின் ஐபியையும் பின்தளப் போர்ட்டையும் நேராக அடித்துப் பாருங்கள். பதில் வரக்கூடாது.

மூன்றாவது, கையொப்பச் சாவி. சீட்டுகளில் கையெழுத்திடும் எட்25519 சாவியை நீங்கள் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அனுபிஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். சர்வரை மறுதொடக்கம் செய்தால் அதுவரை கொடுத்த சீட்டுகள் எல்லாம் செல்லாது, வாடிக்கையாளர் அனைவரும் மறுபடி கணக்குப் போட வேண்டும். 32 பைட் சீரற்ற எண்ணை ஒருமுறை உருவாக்கி அமைப்புக் கோப்பில் எழுதி, அந்தக் கோப்பை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டுங்கள்.

அளவீடுகளுக்கு அது எடுத்துக்கொள்ளும் போர்ட் 9090. ப்ரொமீதியஸ், காக்பிட் என்ற சர்வர் கண்காணிப்புக் கருவிகளுக்கும் இயல்பு அதே எண். ஏற்கெனவே அவற்றில் ஒன்று ஓடினால் அனுபிஸின் எண்ணை மாற்றுங்கள். அந்த அளவீடுகளை அவசியம் பாருங்கள்: எத்தனை கணக்கு கொடுக்கப்பட்டது, எத்தனை தீர்க்கப்பட்டது. கொடுத்தது மிக அதிகம், தீர்த்தது மிகக் குறைவு என்றால் கூட்டம் விரட்டப்படுகிறது. இரண்டும் சேர்ந்தே ஏறினால், வந்திருப்பவன் கூலி கொடுக்கத் தயாராக வந்திருக்கிறான். அதைப் பின்னால் பார்ப்போம்.

கேட்காமல் விட வேண்டிய வழிகள் சில உண்டு, இங்கே தவறினால் நஷ்டம் நேரடி ரூபாயில். பணம் செலுத்தும் சேவை உங்கள் தளத்துக்கு அனுப்பும் வெப்ஹூக் (தானாக வரும் தகவல்) முகவரி, பணம் கட்டி முடித்த வாடிக்கையாளர் திரும்பி வரும் முகவரி, கூரியர் நிறுவனம் நிலவரம் அனுப்பும் முகவரி. வெப்ஹூக் அனுப்புவது சர்வர். அதனிடம் பிரவுசர் இல்லை, கணக்குப் போடாது. திரும்பி வரும் முகவரிக்குப் படிவத் தரவோடு போஸ்ட் கோரிக்கை வரலாம். நடுவில் காத்திருப்புப் பக்கம் குறுக்கிட்டால் அந்தத் தரவு தொலையும்; வங்கியில் பணம் போயிருக்கும், தளத்தில் ஆர்டர் நிலுவை என்று நிற்கும். பொதுவாக இந்த மாதிரி சர்வர்கள் பிரவுசர்களைப் போலத் தங்களை மொசில்லா என்று சொல்லிக்கொள்வதில்லை, அனுபிஸின் இயல்பு விதி மொசில்லா என்று சொல்கிறவர்களைத்தான் நிறுத்துகிறது. ஆனாலும் அந்த அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம், முகவரியை எழுதி விலக்குங்கள். வெப்ஹூக்கின் கையொப்பத்தைப் பின்தளம் சரிபார்க்கிறதா என்றும் கூடவே உறுதிசெய்யுங்கள், ஏனென்றால் இனி அந்த வாசலில் காவல் இல்லை.

மொசில்லா விதிக்கு மறுபக்கமும் உண்டு. கர்ல் (பிரவுசர் இல்லாமல் பக்கம் எடுக்கும் கருவி) என்று நேர்மையாகப் பெயர் சொல்லி வருகிற நிரலை இயல்பு விதி நிறுத்தாது. பொய் சொல்கிறவனிடம் கூலி, பெயர் சொல்கிறவனுக்கு இலவசம் என்பது அவர்கள் எடுத்த முடிவு. பெயர் சொன்னால் பெயரை வைத்துத் தடுக்கலாமே என்ற நியாயம் அதில் இருக்கிறது. நியாயம் சரிதான், ஆனால் அந்தத் தடையை நீங்கள்தான் எழுத வேண்டும். என்ஜின்எக்ஸில் ஐபிக்கு இவ்வளவு என்ற வேகக் கட்டுப்பாடு இல்லாமல் அனுபிஸை மட்டும் வைப்பது அரைக்கதவு.

கூகுள், பிங் போன்ற தேடுபொறிகளை அது ஐபி வரம்போடு ஒப்பிட்டுத்தான் விடுகிறது. கூகுள்பாட் என்று பொய்ப்பெயரில் வருகிறவன் ஐபியில் மாட்டுவான். விளம்பரம் கொடுக்கிற கடைகள், விளம்பரப் பக்கத்தைச் சோதிக்கும் பாட் விதிப்பட்டியலில் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று பலரைக் கவிழ்த்திருக்கிறது. காத்திருப்புப் பக்கமும் மறுப்புப் பக்கமும் இயல்பாக 200 என்ற நிலைக்குறியோடுதான் போகும். தளம் உயிரோடு இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் சேவை அந்த 200-ஐப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடும். பின்னால் வேர்ட்பிரஸ் செத்துக் கிடந்தாலும் பச்சை விளக்கு எரியும். ஒரு தனி முகவரியை விலக்குப் பட்டியலில் போட்டு, அதில் தரவுத்தளத்தைத் தொட்டுவிட்டு ஒரு குறிப்பிட்ட சொல்லைத் திருப்பித் தரும்படி செய்து, அந்தச் சொல் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கூலி உண்மையில் எவ்வளவு?

இங்கேதான் பாராட்டுவோரும் பழிப்போரும் சண்டை போடுகிறார்கள். கணக்கை நேராகப் போட்டுப் பார்ப்போம்.

தாக்குகிறவன் பிரவுசரில் கணக்குப் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. சி மொழியில் எழுதிய நிரல், நவீன சர்வர் சிப்பின் ஒரு கோர், விநாடிக்கு 50 லட்சம் ஹாஷ் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். அவனிடம் 1 லட்சம் ஐபிகள், ஒவ்வொன்றுக்கும் கடினம் 4-இல் ஒரு கணக்கு. மொத்தம் சுமார் 655 கோடி ஹாஷ். ஒரே கோரில் 22 நிமிடம். அதற்கு அவனுக்கு ஆகும் செலவு ஒரு டீ விலைகூட இல்லை. அதிலும் சீட்டு ஒரு வாரம் செல்லும்.

சரி, கடினத்தை 5 ஆக்கினால்? அவனுக்கு 22 நிமிடம் 6 மணி நேரம் ஆகும். இன்னும் மலிவுதான். இந்தப் பக்கம் பாருங்கள்: பழைய ஆண்ட்ராய்டு போனில் ஜாவாஸ்கிரிப்ட் விநாடிக்கு 50,000 ஹாஷ் போடுவதாக வைத்தால், கடினம் 4-இல் சராசரி 1.3 விநாடி, கடினம் 5-இல் 21 விநாடி. சராசரியும் முழுக்கதை சொல்லாது. இது பரிசுச்சீட்டு மாதிரி. 20 பேரில் ஒருவருக்குச் சராசரியைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆகும். கடினம் 5-இல் அந்த ஒருவர் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருப்பார். சேலை பார்க்க வந்தவர் ஒரு நிமிடம் வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். மின்னஞ்சலுக்கு இதே தடை வந்தபோது, 2004-இல் பென் லாரியும் ரிச்சர்ட் கிளேட்டனும் இதையேதான் காட்டினார்கள்: திருடனைத் தடுக்கும் அளவுக்குக் கூலியை ஏற்றினால் நல்லவனையும் சேர்த்தே தடுத்துவிடும்.

அப்படியானால் நிறுவிய தளங்களில் சுமை ஏன் குறைகிறது? கூலி ஹாஷில் இல்லை. அது வேறு மூன்று இடத்தில் இருக்கிறது.

கிராலர் மலிவாக இருப்பதற்குக் காரணம் அது பிரவுசர் இல்லை என்பதே. பக்கத்தைக் கேட்கும், வாங்கும், மறக்கும். சில கிலோபைட் நினைவகம். ஜாவாஸ்கிரிப்ட் ஓட வேண்டும் என்றால் குரோமியம் பிரவுசரை முழுதாக எழுப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கான எம்பி. ஒரே சர்வரில் ஆயிரக்கணக்கில் ஓட்டிய இடத்தில் இப்போது சில பத்துகள்.

அடுத்தது ஐபி. இன்று கிராலர்கள் வீட்டு இணைப்புகளை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஐபியை மாற்றிக்கொண்டே வருகின்றன. அப்படி மாற்றுவதால்தான் வேகக் கட்டுப்பாட்டில் அவை மாட்டுவதில்லை. அனுபிஸின் சீட்டு ஐபியோடு கட்டப்பட்டது. மாற்றினால் சீட்டு செல்லாது, மறுபடி கணக்கு. மாற்றாமல் இருந்தால் வேகக் கட்டுப்பாட்டில் மாட்டுவான். வீட்டு இணைப்பு வாடகை ஜிபி கணக்கில் என்பதால், தேவையில்லாமல் இறங்கும் ஒவ்வொரு காத்திருப்புப் பக்கமும் அவன் பற்றில் ஏறும்.

மூன்றாவது, கவனம். ஆயிரக்கணக்கான தளங்களை வாரிக்கொண்டு போகிறவன், ஒரு டைல்ஸ் கடைக்காகத் தனியாக நிரல் எழுத மாட்டான், விட்டுவிட்டுப் போவான். உங்கள் கடையையே குறிவைத்து வந்தவன் எழுதுவான். ஆகவே எங்கள் தீர்ப்பு: வாரிக்கொண்டு போகிறவனுக்கு எதிராக இது மிக நல்ல பொருள். குறிவைத்தவனுக்கு எதிராக ஒரு பிற்பகல் அளவுத் தாமதம் மட்டுமே. கடினத்தை 4-க்கு மேல் ஏற்றாதீர்கள். அந்த உழைப்பை வேகக் கட்டுப்பாட்டில் போடுங்கள். தேடல், வடிகட்டி, கூடை ஆகிய பக்கங்களுக்கு ஐபிக்கு விநாடிக்கு 5 கோரிக்கை, திடீர் ஏற்றத்துக்கு 20 என்று தொடங்கிப் பதிவேட்டைப் பார்த்து மாற்றலாம். இந்திய மொபைல் நெட்வொர்க்குகளில் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் பலர் இருப்பார்கள், அதனால் இறுக்கிவிட வேண்டாம். ஐபிவி6-இல் தனி முகவரியை எண்ணிப் பயனில்லை. ஒரே வீட்டுக்கு 64 பிட் அளவுக்கு முகவரிகள் கிடைக்கின்றன, முதல் 64 பிட்டை மட்டும் சாவியாக எடுங்கள்.

சீட்டு ஐபியோடு கட்டப்பட்டதன் வலி நல்லவருக்கும் உண்டு. கடை வைஃபையிலிருந்து வெளியே வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் மறுபடி கணக்கு. கூடையில் பொருள் போட்டபடி பேருந்தில் போகிறவருக்கு இது எரிச்சல் தரும். கூடைக்குப் பிறகு வரும் பக்கங்களைக் கணக்கிலிருந்து விலக்கி, அங்கே வேகக் கட்டுப்பாட்டை மட்டும் வைப்பது நல்ல சமரசம்.

ஓடிபி வாசலுக்கு இது பொருந்தாது

கடைத் தளத்தில் மிக விலை கூடிய கதவு முகப்பு இல்லை, ஓடிபி அனுப்பு என்ற பொத்தான். ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 20 பைசா என்று வைத்தால், ஒரு இரவில் 1 லட்சம் முறை அழுத்தப்பட்டால் 20,000 ரூபாய். எஸ்எம்எஸ் பாம்பர் என்று சுற்றும் நிரல்கள் இப்படிப் பூட்டில்லாத ஓடிபி முகவரிகளைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, யாரோ ஒருவரின் எண்ணுக்கு இடைவிடாமல் செய்தி அனுப்பித் தொந்தரவு செய்கின்றன. தொந்தரவு ஒருவருக்கு, பில் கடைக்காரருக்கு, அழுத்தியவனுக்குச் செலவு சுழியம். வெளிநாட்டு எண்கள் என்றால் இன்னும் கெடுதி: செய்தி போய்ச்சேரும் கட்டணத்தில் பங்கு வாங்கிக்கொள்ளும் மோசடியாளர்களுக்கு அது வருமானமே ஆகிவிடுகிறது.

அனுபிஸ் இங்கே உதவாது. பொத்தானை அழுத்தும்போது பக்கம் மாறுவதில்லை, பின்னணியில் ஒரு கோரிக்கை போகிறது. அதற்குக் காத்திருப்புப் பக்கத்தைப் பதிலாகக் கொடுத்தால் படிவம் உடையும். முகப்பில் ஒருமுறை தேறியவன் வாரம் முழுவதும் அழுத்தலாம் என்பது இன்னொரு ஓட்டை. இந்த இடத்துக்குப் படிவத்துக்குள்ளேயே உட்காரும் கணக்கு வேண்டும். ஆல்ட்சா அப்படிப்பட்டது, அதுவும் திறந்த மூலம், சொந்த சர்வரிலேயே ஓடும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதுக் கணக்கு. இரண்டு விஷயம் சரியாக இருக்க வேண்டும்: கணக்குக்கு ஐந்து நிமிடம் போலக் காலாவதி, ஒருமுறை பயன்பட்ட விடையைக் குறித்துவைத்து மறுமுறை மறுப்பது. பின்னதை மறந்தால் ஒரே விடையை ஆயிரம் முறை அனுப்புவார்கள், கணக்கு வைத்ததே வீண்.

அதற்கும் மேலே சாதாரண வேலிகள். ஒரு எண்ணுக்கு 10 நிமிடத்தில் 3 முறை, ஒரு நாளைக்கு 8 முறை. தளம் முழுவதற்கும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பு, வழக்கமான நாளின் மூன்று மடங்கு வைத்தால் போதும். எஸ்எம்எஸ் சேவையில் முன்பணம் தீர்ந்தால் தானாக நிரப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். நஷ்டத்துக்கு ஒரு தரை கிடைக்கும். நாட்டுக் குறியீடுகளில் வாடிக்கையாளர் உள்ளவை மட்டும்: 91, மலேசியாவுக்கு 60, சிங்கப்பூருக்கு 65, இலங்கைக்கு 94. கொண்டுவிற்கப் போன வழியில் குடும்பங்கள் இன்னும் அங்கே இருப்பதால் செட்டிநாட்டுக் கடைகள் இந்தியாவோடு நிறுத்திக்கொள்ள முடியாது, மற்ற குறியீடுகளை மூடிவிட முடியும்.

குழாயே நிரம்பினால்

அனுபிஸ் காப்பது சர்வரின் உழைப்பை. சர்வருக்கு வரும் குழாயை அல்ல. 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் மீது விநாடிக்கு 1.35 டெராபிட் வந்தது. பூட்டில்லாத மெம்கேஷ்டு (தரவைத் தற்காலிகமாகச் சேமிக்கும் மென்பொருள்) சர்வர்களைப் பயன்படுத்திப் பெருக்கிய தாக்குதல் அது. அந்த முறையில் ஒரு பைட் அனுப்பினால் 51,000 பைட் வரை எதிரொலிக்கும். இந்த மாதிரி வரும்போது 1 ஜிகாபிட் குழாயின் கடைசியில் என்ன மென்பொருள் வைத்திருந்தாலும் வீண். மேலே உள்ள பெரிய நெட்வொர்க்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கிளவுட்ஃப்ளேர் 2017 செப்டம்பரிலிருந்து இலவசத் திட்டத்திலும் தாக்குதல் அளவுக்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. சின்னக் கடைக்கு அது போன்ற சிடிஎன் முன்னால், அனுபிஸ் பின்னால் என்பதே சரியான அடுக்கு. சிடிஎன் வைத்த பிறகு சர்வரின் உண்மை ஐபி வெளியே தெரியாமல் இருக்க வேண்டும். மின்னஞ்சலையும் அதே சர்வரில் வைத்திருந்தால் டிஎன்எஸ் பதிவே (தளப் பெயருக்கு ஐபியைச் சொல்லும் பதிவு) காட்டிக்கொடுத்துவிடும். 80, 443 போர்ட்டுகளை சிடிஎன் ஐபிகளுக்கு மட்டும் திறந்துவையுங்கள்.

இதில் கூலி யாரிடம் கேட்பது என்ற கேள்வியே கடினமானது. பொய் அனுப்புநர் முகவரியோடு தரவுப் பொட்டலங்கள் வெளியேறுவதை, அவை புறப்படும் நெட்வொர்க் மலிவாகத் தடுக்கலாம். எப்படி என்று 2000-ஆம் ஆண்டிலேயே பிசிபி 38 என்ற ஆவணம் எழுதிவைத்தது. இன்னும் எல்லோரும் செய்யவில்லை, காரணம் தொழில்நுட்பம் இல்லை: வடிகட்டும் செலவு புறப்படும் நெட்வொர்க்குக்கு, நன்மை வேறெங்கோ இருக்கும் கடைக்கு. கேம்பிரிட்ஜின் ராஸ் ஆண்டர்சன் 2001-இல் சொன்னது இதுதான்: பாதுகாப்பு தோற்கும் இடங்களில், காக்க முடிந்தவரும் நஷ்டப்படுகிறவரும் வேறு வேறு ஆட்கள். சர்வர் வாடகைக்கு எடுக்கும்போது அந்த நிறுவனம் பொய் முகவரிகளை வெளியே விடாமல் வடிகட்டுகிறதா, நெட்வொர்க்குகளின் பாதுகாப்புக் கூட்டமைப்பான மான்ர்ஸில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் ஒன்றும் ஆகாது. பல கடைகள் கேட்டு, இல்லை என்றால் வேறு இடம் போனால், அது அவர்கள் வரவில் தெரியும்.

தாக்குதலை வாங்கும் விலை எவ்வளவு தெரியுமா? 2018 ஏப்ரலில் யூரோபோல் முடக்கிய வெப்ஸ்ட்ரெஸர் தளம் மாதம் 15 யூரோவிலிருந்து விற்றது. பதிவுசெய்த பயனர்கள் 1,36,000-க்கும் மேல். ஆகவே பணம் கொடு, இல்லாவிட்டால் தளத்தைச் சாய்ப்போம் என்று மிரட்டல் வந்தால் கொடுக்காதீர்கள். 15 யூரோ போட்டவனுக்கு நீங்கள் எழுதித் தரும் வரவு அடுத்த கடைக்கான முதலாகிவிடும். பதிவேடுகளோடு இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவியுங்கள். 2022 ஏப்ரல் உத்தரவின்படி 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அனுபிஸின் பதிவு இயல்பாகக் கோப்பில் சேராமல் வெளியீட்டில் ஓடிப்போகும். அதைச் சேமிக்கும் ஏற்பாட்டை நிறுவும் நாளிலேயே செய்துவிடுங்கள்.

காத்திருப்புப் பக்கத்தில் ஒரு கார்ட்டூன் பெண் படம் வரும். சேலைக் கடையில் அது ஏன் என்று முதலாளிகள் கேட்பார்கள். உரிமப்படி மாற்றத் தடையில்லை என்றாலும், மாற்ற விரும்புகிறவர்கள் காசு கொடுத்து வாங்கும் பாட்ஸ்டாப்பர் பதிப்புக்கு வர வேண்டும் என்று உருவாக்கியவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். இதில் பிழைக்கிற கடை அந்த வேண்டுகோளை மதிப்பதே முறை.

தீபாவளிப் பலகார ஆர்டர் தொடங்கும் வாரத்தில் இதைப் புதிதாக நிறுவ வேண்டாம். ஒரு மாதம் முன்பே நிறுவி, என்ஜின்எக்ஸில் அனுபிஸ் வழி, நேர்வழி என்று இரண்டு பின்தளங்களையும் எழுதிவையுங்கள். ஒரு வரியை மாற்றி ரீலோடு செய்தால் யாருடைய இணைப்பும் அறுபடாமல் மாறும்படி இருக்க வேண்டும். சோதிக்க மூன்று போன் போதும்: கடையிலேயே பழையதான ஆண்ட்ராய்டு, ஒரு ஐபோன், மலேசிய எண் உள்ள உறவினர் ஒருவரின் போன். மூன்றிலும் வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தட்டி, ஒரு படி அதிரசம் கூடையில் போட்டு, ஓடிபி வாங்கி, பணம் கட்டி, ஆர்டர் எண் கண்ணில் படும்வரை போய்ப் பார்க்க வேண்டும். பழைய போனில் காத்திருப்பு 3 விநாடியைத் தாண்டினால் கடினத்தை ஒன்று குறையுங்கள்.